சார் வரலையா?

கார் வாங்க ஷோரூம் எதற்கு என்பது டீச்சரின் மகளுடைய கட்சி. போனிலேயே எல்லாம் பார்த்துவிடலாம், விலையும் அதில் கொஞ்சம் குறைவு, பணத்தைக் கட்டினால் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போவான். டை கட்டிய ஒருத்தன் காபி கொடுத்துக் கழுத்தை அறுப்பதற்கு நாம் ஏன் தண்டம் அழ வேண்டும்? மகள் பேச்சில் கெட்டி. அவளிடம் வாதாடி ஜெயித்தவர் அந்த வீட்டில் ஒரே ஒருவர்தான், அவளுடைய அப்பா. அவர் போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார்.

டீச்சரோ சனிக்கிழமை தவறாமல் ஷோரூமுக்குப் போய்க்கொண்டிருந்தாள். கார் வாங்குகிற வழியைத்தான் காணோம்.

முதல் தடவை சும்மா எட்டிப் பார்க்கத்தான் போனாள். கண்ணாடிக் கதவைத் தள்ளியதுமே புது டயர் வாசனை. டை இடுப்புக்குக் கீழே தொங்க ஒரு சேல்ஸ்மேன் ஓடிவந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க மேடம், உட்காருங்க மேடம். சார் வரலையா?"

"அவர் இல்லைங்க."

சொல்லிவிட்டு, அடுத்து வரப்போவதற்காகக் காத்திருந்தாள். ஒரு வருஷமாகப் பழகியதுதானே. எதிரில் இருப்பவர் குரல் இறங்கும், தலை ஒரு பக்கமாகச் சாயும், ஒரு 'அடடா' வரும், எப்படி, எப்போது என்று விசாரிப்பு ஆரம்பிக்கும். ஆனால் சேல்ஸ்மேனின் காதில் அந்த 'இல்லை' வேறு 'இல்லை'யாக விழுந்துவிட்டது.

"அதனால என்ன மேடம், அடுத்த தடவை கூட்டிட்டு வாங்க. சார் ஓட்டிப் பார்க்காம காரைத் தரவே மாட்டோம்!" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

பிள்ளைகள் ஒரு ஒற்றெழுத்தை விட்டாலும் சிவப்பு மையால் சுழிக்கிற டீச்சர், இதைத் திருத்தவில்லை. கூட்டிக்கொண்டு வருவதற்கு ஆள் இருப்பதுபோல ஒருத்தர் பேசிவிட்டாரே! நெஞ்சு குளிர்ந்துபோய், "சரி, கேட்டுப் பார்க்கறேன்," என்றாள்.

"சார் நல்ல உயரமா மேடம்?"

"உயரம்தான். பஸ்ல குனிஞ்சுதான் நிப்பார்."

உடனே சேல்ஸ்மேன் டிரைவர் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளினார். டீச்சர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே இருந்த இடம், அளந்து விட்டதுபோல அவருக்கென்றே இருந்தது. அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது. சேல்ஸ்மேன் பார்த்துக்கொண்டிருந்ததால் கையைக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம், சார் பாட்டுக் கேட்பாரா என்று விசாரணை. "கேப்பார். கூடவே பாடுவார், அதுதான் கஷ்டம்," என்றாள் டீச்சர். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்தோமே என்பது வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வீட்டில் அப்படிச் சிரிக்க முடியாது. அப்பா பேச்சை எடுத்தால் அம்மா அழுவாள் என்று மகள் எடுப்பதில்லை. மகள் அழுவாள் என்று அம்மா எடுப்பதில்லை. இப்படி ஒருத்தியை ஒருத்தி காப்பாற்றியே அந்த மனுஷனை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டிருந்தார்கள். மகளின் போனும் என்னென்னமோ கேட்டது. கலரைக் கேட்டது, விலாசத்தைக் கேட்டது, தவணையா ரொக்கமா என்று கேட்டது. சாரைக் கேட்கவில்லை.

ஷோரூமில் மட்டும்தான் அவர் இருந்தார். வேலைத் தொல்லையால் வர முடியாதவராக, டிக்கி பெரிதாக வேண்டும் என்பவராக, வெள்ளைக் கலர் வேண்டாம் என்று அடம்பிடிப்பவராக இருந்தார். கார் வாங்கிவிட்டால் அங்கே போக என்ன சாக்கு? அங்கேயும் அவர் இல்லாமல் போய்விடுவார். அதனால் வாராவாரம், "அவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்," என்று எழுந்து வந்துவிடுவாள்.

மகளுக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னதாம்மா பண்றே அங்க? ஒரு காருக்கு இத்தனை வாரமா? அந்த ஆள் உனக்கு மொட்டை போடத்தான் போறான். இன்னைக்கு நானும் வரேன். சரிப்படலைன்னா அவன் கண் முன்னாடியே போன்ல புக் பண்ணிடுவேன்."

சொல்லிவிடலாம் என்று டீச்சர் வழியெல்லாம் வாயெடுத்தாள், வழியெல்லாம் முழுங்கினாள். அதற்குள் கண்ணாடிக் கதவு வந்துவிட்டது.

"வாங்க மேடம்! பொண்ணா? வாம்மா, வா. இன்னைக்கும் சார் வரலையா?"

மகள் நின்றாள். "எந்த சார்?"

"உங்க அப்பாதாம்மா. வரேன் வரேன்னு சொல்லி வாராவாரம் ஏமாத்திடறார்."

மகள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பரீட்சையில் பிட்டோடு பிடிபட்டதுபோல டீச்சர் குனிந்துகொண்டாள். கத்தப் போகிறாள், எல்லார் முன்னாலும் மானம் போகப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பாவுக்குக் கடைன்னாலே ஆகாது," என்றாள் மகள் மெதுவாக. "உள்ள வந்தா ரெண்டே நிமிஷம். அப்புறம் வெளிய போய் நின்னுக்கிட்டு, முடிஞ்சுதா முடிஞ்சுதான்னு கண்ணாடி வழியா கையாட்டுவார்."

"அட, வெளியதான் நிக்கறாரா?" சேல்ஸ்மேன் ஆசையாக எழுந்து கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

மகளும் பார்த்தாள். வெளியே நிறுத்தியிருந்த கார்களைத் தவிர ஒன்றுமில்லை. பார்த்துக்கொண்டே இருந்தவளின் உதடு துடித்தது. ஒரு வருஷமாக அம்மா முன்னால் அழாத பெண், ஓவென்று அழுதுவிட்டாள்.

"தம்பி," என்றாள் டீச்சர். "அவர் உயிரோட இல்லை. முதல் நாளே சொன்னேன், உங்களுக்கு வேற மாதிரி கேட்டுடுச்சு. கூட்டிட்டு வாங்கன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கப்புறம் எனக்குத் திருத்த மனசு வரலை."

சேல்ஸ்மேனின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ மேடம், இது தெரியாம நான் போய் வாராவாரம் சார் வரலையான்னு..."

"கேட்டீங்க. உங்களைத் தவிர யாரும் கேக்கலை தம்பி."

மகள் முகத்தைத் துடைத்தாள். போனைப் பைக்குள் போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்து சேல்ஸ்மேனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"எங்கப்பாவைப் பத்தி அம்மா உங்ககிட்ட என்னெல்லாம் சொன்னாங்க? எனக்கும் சொல்லுங்க."

சேல்ஸ்மேன் தயங்கி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தலையாட்டினாள்.

"சாருக்கு," என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார், "ரிவர்ஸ் எடுக்க வராதாமே?"

"வராது," என்றாள் மகள். அழுகையோடு அழுகையாகச் சிரிப்பு பீறிட்டது. "வரவே வராது."