நடுப்பூ

போர்த்கென்னல் என்ற மீனவர் ஊரில் இறந்தவர்களின் முடியை ஆண்டுக்கு இரண்டு முறை வெட்ட வேண்டியிருந்தது. ஈஸ்டருக்கு முன்பு ஒரு முறை, கிறிஸ்துமஸுக்கு முன்பு ஒரு முறை. மத்தி மீன் நிறையக் கிடைத்த ஆண்டுகளில் கூடுதலாக ஒரு முறையும் வெட்டினார்கள். மகாராணியே கணவனுக்குத் துக்கம் காத்துக் கறுப்பு உடுத்தியிருந்த காலம் அது. நாடு முழுவதும் பெண்கள் இறந்தவர்களின் முடியில் பூச்செய்வதை மதிய நேரப் பொழுதுபோக்காக வைத்திருந்தார்கள். சோடா உப்புப் போட்ட வெந்நீரில் முடியை அலசுவார்கள். மெல்லிய கம்பியோடு சேர்த்துப் பின்னல் ஊசியில் சுற்றி, சுருளை இதழாக வளைப்பார்கள். பூக்களைக் குதிரை லாடம்போல அடுக்கிக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைப்பார்கள். லாடத்தின் வாய் மேலே பார்த்திருக்க வேண்டும், சொர்க்கத்துக்குப் போகிற வழியை அடைக்கக் கூடாது. கடைசியாக இறந்தவர் லாடத்தின் நடுவே தனிப் பூவாக இருப்பார். இன்னொருவர் இறந்ததும் ஓரத்து வரிசைக்குப் போய்விடுவார். மற்ற ஊர்களில் அந்தப் பூக்கள் செய்தபடியே இருந்தன. போர்த்கென்னலில் வளர்ந்தன. வெட்டிய முடியை ஊசி குத்திவைக்கும் சின்ன மெத்தைகளில் அடைத்தார்கள். அதில் குத்திய ஊசி துருப்பிடிப்பதில்லை.

தாம்சின் பாஸ்கோ இந்த வேலையை மாமியார் கெஸையாவிடம் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொள்ளும்போதே ஒரு தவறு செய்தாள். உயிரோடு இருப்பவர்களின் முடி பதக்கத்துக்குள் போகும், கைவளையாகும், கடிகாரச் சங்கிலியாகும். லாடத்துக்குள் மட்டும் வராது. தாம்சினின் கணவன் டிகரி தென்கடலுக்குப் போகும் கப்பலில் ஏறிய அன்று, பதக்கத்தில் வைத்துக்கொள் என்று தன் மஞ்சள் முடியில் ஒரு கற்றையை வெட்டிக் கொடுத்திருந்தான். அந்த வாரம் அவள் டிகரியின் செத்துப்போன சின்னம்மா ஒருத்தியின் முடியில் காட்டுப்பூ ஒன்று செய்துகொண்டிருந்தாள். கடைசி இதழுக்கு முடி போதவில்லை. நிறம் ஒத்துப்போனதால் டிகரியின் கற்றையைச் சேர்த்துச் சுற்றிவிட்டாள். கெஸையா கவனித்தபோது சட்டம் சுவரில் ஏறியிருந்தது. பிரித்தால் சின்னம்மாவும் சேர்ந்து பிரிந்துவிடுவாள். கெஸையா மருமகளைத் திட்டித் தீர்த்துவிட்டு, குங்குமப்பூ பன்னைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, அப்படியே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

இரண்டு ஆண்டுகள் கழித்துக் கப்பல் மூழ்கிய செய்தி வந்தது. கோயில் சுவரில் மாலுமிகளின் பெயர்களைக் கல்லில் வெட்டினார்கள். கெஸையா கறுப்பு உடுத்தினாள், தாம்சினுக்கும் கறுப்புத் துணி எடுத்தாள். ஈஸ்டர் வந்தது. சட்டத்தைத் திறந்தபோது அதிலிருந்த டிகரியின் தாத்தாவின் நரை தோள் வரைக்கும் இறங்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. சின்னம்மாவின் இதழ்கள் கலைந்து தொங்கின. டிகரியின் இதழ் மட்டும் செய்த அன்று இருந்த அளவிலேயே இருந்தது. கெஸையா அதை நீண்ட நேரம் பார்த்தாள்.

"அவன் எப்பவுமே இப்படித்தான். பல்லுகூட லேட்டாத்தான் முளைச்சுது. மெதுவா வளருவான், பாரு."

கிறிஸ்துமஸ் வந்தது. அடுத்த ஈஸ்டரும் வந்தது. தாம்சின் கறுப்புத் துணியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, பழைய நீலப் பாவாடையோடு பீப்பாய்களில் உப்புமீன் அடுக்கும் வேலைக்குப் போனாள். கெஸையா கறுப்பைக் கழற்றவில்லை. ஒரே வீட்டில் ஒரே ஆணுக்கு ஒருத்தி தாயாக இழவு காத்தாள், இன்னொருத்தி மனைவியாக வாசலைப் பார்த்தாள். மகனை நடுப்பூவாக மாற்ற வேண்டும் என்று மாமியார் கேட்கும்போதெல்லாம், வளரட்டும் அத்தை, அப்புறம் மாற்றலாம் என்று மருமகள் சொன்னாள். இதைத் தவிர அவர்களுக்குள் சண்டை கிடையாது.

பிறகு இதழின் நிறம் மாறத் தொடங்கியது. கடும் வெயிலில் கிடந்த வைக்கோலைப்போல வெளுத்தது. அதற்கடுத்த கோடையில் பளபளப்பு ஏறியது. சட்டத்தைத் திறந்தால் அந்த ஊரில் யாரும் அறியாத ஒரு வாசனை வீசியது. அந்த வாரம் ஜேபஸ் ரோ ஜன்னல் திரையைத் தைக்க வந்தான். கப்பல் பாய் தைப்பவன். இளவயதில் தென்கடல் வரைக்கும் போய் வந்தவன். தாம்சினைப் பார்த்தால் ஊசியில் நூல் கோக்கத் தெரியாமல் போய்விடுபவன். உள்ளே வந்தவன் வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினான்.

"தேங்காய் எண்ணெய் எங்கேருந்து வந்துச்சு உங்களுக்கு?"

"என்ன எண்ணெய்?"

"அங்க தீவுல இதத்தான் தலைக்குத் தேய்ப்பாங்க. சாயங்காலம் வீட்டுக்காரனை முன்னால உக்கார வச்சு, பொம்பளைங்க..." திறந்திருந்த சட்டத்தைப் பார்த்ததும் ஜேபஸ் நிறுத்தினான். காதுவரை சிவந்து போனான்.

கெஸையா எழுந்துபோய்ச் சட்டத்தை மூடினாள். "என் மகன் செத்துட்டான்," என்றாள். "கோயில்ல கல்லு இருக்கு. போய்ப் படிச்சுக்கோங்க ரெண்டு பேரும்."

தாம்சின் அன்று வேலைக்குப் போனாள். மத்தி மீனை அடுக்கும்போது தலைகளை வழக்கத்தைவிட அழுத்தமாகக் கிள்ளினாள் என்று கூட வேலை செய்த பெண்கள் சொன்னார்கள். கணவன் காணாமல் போய் ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டால் மறுமணம் செய்துகொண்டவளை நீதிமன்றம் தண்டிக்காது. ஏழாவது ஆண்டு முடிந்ததும் ஜேபஸ் கேட்டான், அவள் சம்மதித்தாள். கெஸையாவால் மறுக்க முடியவில்லை. மகன் செத்துவிட்டான் என்று ஊர் முழுக்கச் சொன்னவள் அவள்தான். பாதிரியார் மூன்று ஞாயிறுகள் தொடர்ந்து திருமண அறிவிப்பை வாசிக்க வேண்டும், யாருக்காவது தடை தெரிந்தால் சொல்ல வேண்டும் என்பது முறை. இரண்டு ஞாயிறுகள் அமைதியாகக் கழிந்தன. ஜேபஸ் புதுத் தொப்பி வாங்கினான்.

மூன்றாவது ஞாயிற்றுக்கு முந்தின நாள் காலையில் சட்டத்தின் கண்ணாடிக்குள் நீராவி படிந்திருந்தது. தாம்சின் திறந்து பார்த்தாள். டிகரியின் இதழ் நனைந்து கம்பியோடு ஒட்டிக்கிடந்தது. தொட்டால் சுட்டது. வியர்வை ஒவ்வொரு துளியாக இறங்கிச் சின்னம்மாவின் இதழ்களில் சொட்டியது. அவள் ஒரு துணியை எடுத்து ஒற்றினாள். துடைக்கத் துடைக்க நனைந்தது. பின்னால் கெஸையா காடி கலந்த தண்ணீர்க் கிண்ணத்தோடு வந்து நின்றாள். நாற்காலியைச் சட்டத்துக்குக் கீழே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"செத்தவனுக்கு எதுக்கு அத்தை ஒத்தடம்?"

"வாயை மூடிக்கிட்டுத் துணியைப் பிழிஞ்சு குடு."

பகல் முழுவதும் இரண்டு பெண்களும் மாறி மாறி ஒரு முடி இதழுக்கு ஒத்தடம் கொடுத்தார்கள். அடுப்பு மூட்டவில்லை. எவளோ ஒருத்தி அங்கேயும் இதையே செய்துகொண்டிருப்பாள் என்று தாம்சினுக்குத் தோன்றியது. அவளும் பிழைக்கட்டும் என்றுதான் வேண்டுவாள். விளக்கு ஏற்றும் நேரத்தில் இதழ் குளிர்ந்து, உலர்ந்து, மெல்லச் சுருண்டுகொண்டது. கெஸையா அதற்குப் பிறகுதான் அழுதாள். இறந்ததாகச் செய்தி வந்தபோது கூட அப்படி அழவில்லை.

மறுநாள் கோயிலில் பாதிரியார் அறிவிப்பை வாசித்துவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் பக்கத்தைத் திருப்பினார். மணப்பெண் எழுந்து நின்றாள்.

"எனக்கு ஒரு தடை தெரியும் ஐயா. என் வீட்டுக்காரர் முடி இன்னும் வளரலை."

பாதிரியார் வேறு ஊரிலிருந்து வந்தவர். ஆனாலும் அந்த ஊரில் மனைவியைப் புதைத்து ஓர் ஆண்டு ஆகியிருந்தது, அவர் வீட்டிலும் ஒரு சட்டம் இருந்தது. புத்தகத்தை மூடினார். தடை செல்லும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஜேபஸ் புதுத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு நடுவழியே நடந்து வெளியே போனான். ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிட வேண்டிய கோயிலுக்குள் அவன் தொப்பி வைத்தது அந்த ஒரு முறைதான்.

ஓர் ஆண்டு அவன் அந்தப் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு வியாழக்கிழமை மதியம் வந்து, தேநீர் குடித்துவிட்டு, போகும்போது வாசலில் நின்று கேட்டான்.

"வளந்துச்சா?"

"இல்ல."

"சரி, வரேன்."

மற்றவர்கள் காற்றையும் மழையையும் விசாரிப்பதுபோல ஒவ்வொரு வியாழனும் அவன் இதை விசாரித்தான். கெஸையா இறந்து நடுப்பூவானாள். அவளுடைய முடி வளர்ந்ததும் இதழ்களைச் சுற்றியிருந்த கம்பிகளை நெளித்துவிட்டது. டிகரியின் இதழில் நரை தெரிந்தது. எண்ணெய் வாசனை நிற்கவில்லை. ஜேபஸுக்கும் நரைத்தது. மீனவர்களின் பெண்கள் அவனைக் கேலி செய்தார்கள்: "என்ன ஜேபஸ் மாமா, இந்த வாரமாவது செத்தாரா உங்க பங்காளி?" அவன் சிரித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்காராம், எண்ணெயெல்லாம் தேய்ச்சுக் குளிக்கிறாராம்," என்பான். தாம்சின் அவனுக்கு எப்போதும் பன்னின் நடுப்பகுதியை வெட்டிக் கொடுத்தாள். அதற்கு மேல் அவளிடம் கொடுக்க ஒன்றும் இல்லை.

ஒரு குளிர்காலத்தில் ஜேபஸ் நெஞ்சுச் சளியில் இறந்தான். பிள்ளைகுட்டி இல்லாதவன். அவனுடைய தங்கை முடியைத் தாளில் சுற்றிக்கொண்டு வந்து தாம்சினிடம் கொடுத்தாள், ஏன் அவளிடம் கொடுக்கிறேன் என்று விளக்கவில்லை. உறவில்லாதவர் முடியை லாடத்தில் வைக்கும் வழக்கம் ஊரில் கிடையாது. தாம்சின் அவனை நடுப்பூவாகச் செய்தாள், கெஸையா ஓரத்துக்குப் போனாள். ஜேபஸின் முடி ஒரு மாதத்துக்குள் வளர்ந்தது. பாய் தைக்கும் மெழுகும் தாரும் அதில் மணத்தன.

அதற்கடுத்த ஈஸ்டருக்கு முன்பு தாம்சின் சட்டத்தைத் திறந்தபோது, டிகரியின் இதழ் பிரிந்து இரண்டு விரல் நீளம் கீழே தொங்கியது. அவள் கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வியாழக்கிழமை அது. மதியம் தேநீர் வேளையில் பழக்கத்தில் எழுந்து வாசல் வரைக்கும் போய்விட்டாள். தெருவில் யாரும் இல்லை. திரும்பி வந்து சட்டத்துக்கு முன்னால் நின்றாள்.

"வளந்துடுச்சு, ஜேபஸ்," என்றாள்.

பெட்டியிலிருந்து கறுப்புத் துணியை எடுத்து உடுத்தினாள். அது இடுப்பில் இப்போது தளர்வாக இருந்தது. கல்லில் பெயர் வெட்டி முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஊர் வந்து துக்கம் விசாரித்தது, பாதிரியார் மணி அடிக்கச் சொன்னார். முறைப்படி கடைசியாக இறந்தவன் டிகரிதான், நடுவில் வர வேண்டியவனும் அவனே. தாம்சின் அவனைச் சின்னம்மாவிடமிருந்து மெதுவாகப் பிரித்து, தனிப் பூவாகச் சுற்றி, ஓரத்து வரிசையில் அவனுடைய அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். நடுப்பூவைத் தொடவில்லை. பார்க்க வந்த பெண்கள் பார்த்தார்கள், பன் சாப்பிட்டார்கள், யாரும் கேட்கவில்லை. அதன் பிறகு அவள் ஆண்டுக்கு இரண்டு முறை எல்லோருக்கும் முடி வெட்டினாள். டிகரியின் முறை வரும்போது வீடு முழுக்கத் தேங்காய் எண்ணெய் மணக்கும். அன்று மட்டும் ஜன்னலைத் திறந்து வைப்பாள்.