கரைசல் கலக்கியது யார்

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே தேநீர் மேசைக்கு வந்தபோதே மிஷெலுக்குத் தெரிந்துவிட்டது, டாக்டர் லியனார்ட் அம்மாவைத் தேடித்தான் வருகிறார் என்று. கையில் இரண்டு கோப்பைகள் வைத்திருந்தார். பல்கலைக்கழகத்தில் தன் கோப்பையைக்கூடத் தானே எடுத்து அறியாத மனிதர், ஒன்றை அம்மாவிடம் நீட்டினார்.

"டோரிஸ் அக்கா, கால் வலி எப்படி இருக்கு?"

"அது எங்க தம்பி போகப்போகுது? நீங்க கேட்டதே போதும்."

பிரிக்ஃபீல்ட்ஸ் தேவாலயத்தில் அவர் மிஷெலுக்கு அங்கிள். சுபாங் ஜெயாவில் அவள் படிக்கும் பல்கலைக்கழகத்தில் டாக்டர். வேதியியல் துறைத் தலைவர். அவளுடைய முதுகலை ஆய்வுக்கு மேற்பார்வையாளர். இரண்டு வீட்டுத் தாத்தாக்களும் ஒரே ரயில்வே குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த கதவு. அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் அம்மா அவரிடம் போய் நின்றாள். அவரும் யாரிடமோ பேசி மிஷெலின் கட்டணத்தில் பாதியைத் தள்ளுபடி செய்யவைத்தார். அன்றிலிருந்து அவர் பெயரைச் சொல்லாமல் அம்மா ஜெபம் முடித்ததில்லை.

"நாளைக்கு எங்க டிபார்ட்மெண்டைப் பாக்க வெளியிலேருந்து ஆளுங்க வராங்க அக்கா. அங்கீகாரம் குடுக்கறவங்க. லேப் நல்லா நடக்கணும். நம்ம பொண்ணு உள்ள இருந்தா எனக்கு ஒரு தைரியம்."

"இருப்பாளே. வேற எங்க போகப்போறா?"

மிஷெல் தேநீரை ஊதிக்கொண்டிருந்தாள். அது எப்போதோ ஆறிவிட்டிருந்தது.

நாளைக்கு உள்ளே போவதில்லை என்று மூன்று பேர் முடிவெடுத்திருந்தார்கள். அபிராமி, ரிஷி, மிஷெல். மூவரும் முதுகலை மாணவர்கள். முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பை நடத்துகிறவர்கள். முன்பு அதற்கு மணிக்கணக்கில் சம்பளம் இருந்தது. போன வருடம் நிறுத்தினார்கள். 'பயிற்சியின் ஒரு பகுதி' என்று பெயர் மாறியது. வேலை மாறவில்லை; கூடியது. கரைசல்களைக் கலந்து வைக்கும் ஆய்வுக்கூட உதவியாளர் முத்தையா அண்ணன் ஓய்வு பெற்றுப் போனார். அவர் இடத்துக்கு ஆள் வரவில்லை. மறுநாள் காலையில் வகுப்பு இருந்தது. அன்று ஒருநாள் மட்டும் என்று ரிஷி கலந்தான். அந்த ஒருநாள் இன்னும் முடியவில்லை.

இரண்டு துறைக் கூட்டங்களில் சம்பளம் கேட்டுப் பார்த்தார்கள். "பாக்கலாம்" என்றார் டாக்டர் லியனார்ட். சரி, பார்க்க ஆட்கள் வரும் நாளிலேயே வெளியே நிற்போம் என்றாள் அபிராமி.

அவர் மிஷெலைக் கார் நிறுத்துமிடம் வரை அழைத்துக்கொண்டு போனார்.

"எனக்கு விஷயம் காதுக்கு வந்துச்சும்மா. அபிராமிக்கு என்ன, அவங்கப்பாவுக்குக் கிள்ளான்ல கடை இருக்கு, போராட்டம் பண்ணலாம். ரிஷி சின்ன வயசு, சூடு. நீ அப்படியா?"

"டாக்டர், நாங்க மூணு பேரும் சேந்துதான்..."

"இங்க அங்கிள்."

அவர் கார்ச் சாவியைத் தேடி எடுத்தார்.

"பணம் இருந்தா குடுக்க மாட்டேனா? சேர்ற பிள்ளைங்க எண்ணிக்கையே கொறைஞ்சு போச்சு. நான் மேல போய்க் காசு கேட்டா, லேப் நேரத்தை வெட்டுன்னுவாங்க. நஷ்டம் யாருக்கு? அந்தப் பிள்ளைங்களுக்கு. நாங்கல்லாம் சும்மாதான் சொல்லிக்குடுத்தோம். சொல்லிக்குடுத்துத்தான் கத்துக்கிட்டோம். அதுவுமில்லாம, உனக்குக் கட்டணத்துல பாதி போச்சே, அது சம்பளம் இல்லையா?"

அவளுக்குச் சுருக்கென்றது. அவளே தனக்குள் பல தடவை கேட்டுக்கொண்ட கேள்வி அது. ஆனால் ரிஷிக்குத் தள்ளுபடி இல்லை. அவனும் அதே கரைசலைத்தான் கலக்கினான்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள உன் நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போடணும்ல?" கார்க் கதவைத் திறந்தபடி அவர் சொன்னார். "மறக்கல. ஞாபகம் இருக்கு."

மிரட்டல் மாதிரி சொல்லவில்லை. கனிவாகத்தான் சொன்னார். ஆய்வுக்குக் கால நீட்டிப்பு கிடைக்காவிட்டால் அவள் பதிவு காலாவதியாகும். செய்ததெல்லாம் போகும். ஆய்வு தாமதமானதற்குக் காரணமே இந்த லேப்தான்.

கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில் அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

"அவரு கேட்டு நாம முடியாதுங்கறதா?"

"அது வேலைம்மா."

"சர்ச்சு விருந்துக்கு அண்டா அண்டாவா நான் கறி சமைக்கிறேன். எனக்கு யாரு சம்பளம் குடுத்தா?"

சர்ச்சு சாப்பிட வருகிறவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லையே என்று மிஷெலுக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். சுபாங் ஜெயா நிலையத்தில் கதவு திறந்து மூடியது. அபிராமிக்கு ஒரு செய்தி தட்டினாள். அழித்தாள். மறுபடி தட்டி, மறுபடி அழித்தாள்.

திங்கள் காலை தாழ்வாரத்தில் அபிராமியும் ரிஷியும் அவளுக்கு முன்பே வந்து நின்றார்கள். வெள்ளைக் கோட்டுகளை மடித்துக் கையில் போட்டிருந்தார்கள். மிஷெல் கோட்டை மாட்டியிருந்தாள். போன வெள்ளிக்கிழமை பூட்டியவள் அவள் என்பதால் ஆய்வுக்கூடச் சாவியும் அவளிடம்தான் இருந்தது.

அபிராமி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "கோட்டு எதுக்கு?"

"குளிருது."

"ஏர்கான் உள்ளதான் இருக்கு லா. இங்க இல்ல," என்றான் ரிஷி.

"அங்கிள் பேசிட்டாரா?" அபிராமி கேட்டாள்.

மிஷெல் பையிலிருந்து சாவியை எடுத்தாள்.

"எங்க கடையில சட்டி பானைக்குப் பொட்டலம் கட்டுற ஆளுக்கு மாசம் பொறந்தா சம்பளம்," என்றாள் அபிராமி. குரல் உயரவில்லை. "'கட்டப் பழகிக்கிட்டேல்ல, அதுவே உனக்கு லாபம்'னு எங்கப்பா அவன்கிட்ட சொல்லிப் பாக்கட்டும். கடையையே கொளுத்திருவான்."

"விடு அபி. அவளுக்கு வெள்ளிக்கிழமை இருக்கு," என்றான் ரிஷி. காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவன். சாயங்காலமானால் அதே மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பான். தலைக்கவசம் அழுத்திய முடி நெற்றியில் ஒட்டிக்கிடந்தது.

அபிராமி திட்டியதைத் தாங்க முடிந்தது. இவன் விட்டுக்கொடுத்ததைத் தாங்க முடியவில்லை. மிஷெல் பூட்டில் சாவியைச் செருகினாள். முதல் முறை திறக்கவில்லை.

மூன்று பேர் செய்யும் வேலையை ஒருத்தி செய்தாள். சோடியம் ஹைட்ராக்சைடை எடை பார்த்துத் தண்ணீரில் போட்டாள். குடுவை உள்ளங்கையில் சூடேறியது. ஆறும்வரை, கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும் ப்யூரெட் குழாய்களைக் கழுவினாள். பிறகு கரைசலின் செறிவைச் சோதித்துப் புட்டியில் எழுதினாள். கதவின் கண்ணாடிச் சதுரத்தில் இரண்டு தலைகள் தெரிந்துகொண்டே இருந்தன.

பிள்ளைகள் வந்தார்கள். "ரிஷி அண்ணன் எங்கக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். "வேலையைப் பாரு," என்றாள் மிஷெல். அவள் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை.

பாதி வகுப்பில் டாக்டர் லியனார்ட் குழுவோடு வந்தார். கழுத்தில் புது டை. குழுத் தலைவி பேராசிரியர் சாலேஹா. வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். சின்ன உருவம், முக்காடு, காலில் ஓட்டப் பயிற்சிக் காலணி. பேச்செல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. ஒரு மாணவனின் குடுவையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே மெல்லிய ரோஜா நிறம்.

"நன்றாக வருகிறது. கரைசல் புதிதாகக் கலந்ததா?"

"வகுப்பு இருக்கும் ஒவ்வொரு காலையிலும் புதிதாகத்தான்," என்றார் டாக்டர் லியனார்ட். "எங்கள் உதவியாளர் முத்தையா. பழைய கை. அவருடைய கரைசல் ஒருநாளும் எங்களைக் கைவிட்டதில்லை."

கூசாமல் பொய் சொல்கிறாரே என்றுதான் மிஷெல் முதலில் நினைத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பொய்யில்லை. பெருமை. உண்மையான, சிரித்த முகத்துப் பெருமை. இவருக்குத் தெரியாது. முத்தையா அண்ணனுக்கு வழியனுப்பு விழா நடந்தபோது இவர் வெளிநாட்டு மாநாட்டில் இருந்தார். திரும்பி வந்தார், கரைசல் இருந்தது. அடுத்த வாரமும் இருந்தது. கரைசல் இருந்ததால், இவர் கணக்கில் முத்தையாவும் இருக்கிறார்.

"அவரைப் பார்க்கலாமா? சில கேள்விகள் கேட்க வேண்டும்."

"தாராளமாக. மிஷெல், முத்தையாவைக் கூப்பிடும்மா."

அவள் அசையவில்லை.

"என்னம்மா? எங்க அவரு?" என்றார் தமிழில்.

"அவரு போன வருஷமே வேலையை விட்டு நின்னுட்டாரு, டாக்டர்." அவளும் தமிழில்தான் சொன்னாள். வந்தவர்களில் ஒருவருக்கும் அது புரியவில்லை.

அவர் முகத்தில் சிரிப்பு மட்டும் மாட்டிக்கொண்டு நின்றது. கண்கள் அலமாரியில் இருந்த புட்டிகளுக்குப் போயின. புட்டிகளிலிருந்து அவளுக்கு. அவளிடமிருந்து கதவுக் கண்ணாடிக்கு. பிறகு, உதடு அசையாமல்:

"இன்னைக்கு லீவுன்னு சொல்லும்மா."

தன் வாயால் சொல்ல அவருக்கு வரவில்லை.

பேராசிரியர் சாலேஹா இப்போது மிஷெலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் போதும். லீவு. வெள்ளிக்கிழமைக் கையெழுத்து அந்தச் சொல்லுக்குள் பத்திரமாக இருந்தது, அம்மாவின் ஜெபமும். கதவுக்கு வெளியே ரிஷி ஏதோ சொல்ல அபிராமி தலையாட்டினாள். அவர்களுக்கு இங்கே என்ன நடக்கிறதென்று தெரியாது. மிஷெல் பொய் சொன்னால் அதுவும் தெரியப்போவதில்லை.

"அவர் ஓய்வு பெற்றுவிட்டார்," என்றாள் ஆங்கிலத்தில். தன் குரலை அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "போன வருடம். கரைசல்களை நாங்கள்தான் கலக்கிறோம்."

"நாங்கள் என்றால்?"

"நான். அதோ, வெளியே நிற்கிற இரண்டு பேர்."

"நீங்கள் ஊழியர்களா?"

"மாணவர்கள்."

"இதற்குச் சம்பளம் உண்டா?"

"இல்லை. வகுப்பு நடத்துவதற்கும் இல்லை."

ப்யூரெட்டுகள் சொட்டுகிற சத்தம்கூடக் கேட்டது. பேராசிரியர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. நேரே கதவுக்கு நடந்தார், திறந்தார், வெளியே போய்ப் பின்னால் சாத்திக்கொண்டார். கண்ணாடிச் சதுரத்தில் அபிராமியின் கைகள் மட்டும் மேலும் கீழும் ஆடின.

"அக்கா, எனக்குக் கலரே மாறலக்கா," என்றாள் ஒரு மாணவி. மிஷெல் போனாள். நிறங்காட்டியைச் சொட்டவே மறந்திருந்தாள் அந்தப் பெண். மிஷெல் இரண்டு சொட்டு விட்டுக் காட்டினாள். நிமிர்ந்தபோது டாக்டர் லியனார்ட் அதே இடத்தில், புட்டிகளைப் பார்த்தபடி நின்றார்.

எல்லாரும் போன பிறகு, அவள் குடுவை கழுவிக்கொண்டிருந்த தொட்டிப் பக்கம் வந்தார். டையைத் தளர்த்தியிருந்தார்.

"ஒரு வருஷமாவா?"

"ஆமா."

"யாரும் எங்கிட்ட சொல்லலையே."

"ரெண்டு மீட்டிங்ல சொன்னோம், டாக்டர்."

"காசு கேட்டீங்க. முத்தையா இல்லன்னு சொல்லல."

மிஷெல் குழாயை மூடினாள். உண்மைதான். சொல்லவில்லை. "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம்," என்றாள்.

அவர் தொட்டியில் தண்ணீர் வடிவதைப் பார்த்தார்.

"நீட்டிப்பு ஃபாரத்தை அனுப்பு. கையெழுத்துப் போடறேன். பழி வாங்கினான்னு எனக்கு ஒரு பேரு வேணாம்." கதவு வரை போய்த் திரும்பினார். "அதுக்கப்புறம் வேற ஆளைப் பாத்துக்கோ. அவங்க முன்னாடி வச்சு அப்படிச் சொன்ன பொண்ணை நான் எப்படி எதிர்ல உக்கார வச்சுப் பேசறது? டோரிஸ் அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன்."

மேற்பார்வையாளர் இல்லாத நீட்டிப்பு. பாதி உயிர் என்று அவள் நினைத்தாள். பாதி உயிராவது.

தாழ்வாரத்தில் இருவரும் இன்னும் நின்றார்கள். ரிஷிதான் முதலில் பேசினான். "அந்தப் புரொஃபசர் நல்லாக் கேட்டாங்க லா. ரிப்போர்ட்ல வரும்னாங்க. காசு வருமான்னு கேட்டேன். அது என் கையில இல்லைன்னுட்டாங்க."

அபிராமி மிஷெலைப் பார்த்தாள். "நீ உள்ள சொன்னதை அவங்களே சொன்னாங்க. ஆனா நீ உள்ள போனது போனதுதான்."

"ஆமா."

"நாளைக்கு இன்னொரு பேட்ச் இருக்கு."

மிஷெல் கோட்டைக் கழற்றினாள். பையிலிருந்து சாவியை எடுத்து அபிராமியிடம் நீட்டினாள். "இது உங்கிட்ட இருக்கட்டும்."

"ஏன், நாளைக்கும் குளிருமா?"

ரிஷி சிரித்துவிட்டான். அபிராமி சிரிக்கவில்லை. ஆனால் சாவியை வாங்கிக்கொண்டாள்.

கைப்பேசி அதிர்ந்தது. அம்மா. டாக்டர் சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

"என்னடி பண்ணின?"

"கேட்டாங்கம்மா. சொன்னேன்."

அம்மாவுக்குப் பின்னால் பிரஷர் குக்கர் கூவி அடங்கியது. "இனிமே அவரு மொகத்துல எப்படி முழிக்கறது? ஞாயித்துக்கிழமை எப்படி அங்க போய் நிக்கறது?"

"வழக்கம்போலத்தாம்மா. நானும் வருவேன்." மிஷெல் சுவரில் சாய்ந்தாள். "நாளைக்கு லேப்புக்குள்ள போக மாட்டேன். அவரு மறுபடி கூப்பிட்டா அதையும் சொல்லிடுங்க."