குட்டி எடுத்த பேண்ட்

வலது கால் உள்ளே போய்விட்டது. இடது கால், பேண்ட்டின் முழங்காலில் அடிபடாமலிருக்க வைத்துத் தைத்திருந்த பேடில் சிக்கிக்கொண்டது. சின்னவள் அலமாரியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் துள்ளினாள். ஐம்பது தாண்டிய தங்கை துள்ளுவதைப் பார்த்து, கட்டிலில் கிடந்த அக்கா சத்தமில்லாமல் சிரித்தாள். சத்தத்துக்கு வேண்டிய மூச்சு அவளிடம் இல்லை.

“சிரிக்காதக்கா. விழுந்தா உன் மேலதான் விழுவேன்.”

“விழு, குட்டி. அதான் மெத்தை மெத்தையா வச்சிருக்கானே.”

தனியாக இருக்கும் முதியவர்களுக்கு மருந்துக்கடையிலிருந்து மருந்து கொண்டுபோய்க் கொடுப்பது சகோதரிகளின் வேலை. அக்கா மோட்டார் சைக்கிள் ஓட்டுவாள். சின்னவள் மடியில் பையோடு பின்னால் உட்கார்ந்திருப்பாள். அக்கா நோயில் படுத்த பிறகு சின்னவள் முன்னால் ஏறினாள். போன வாரம் சரளையில் சறுக்கி முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, காயத்துக்குக் கட்டுப் போட்டதை மறைத்துப் பார்த்தாள். அக்காவிடம் அது நடக்கவில்லை. இப்போது வண்டி ஓட்டுபவர்களுக்கான உடுப்புக் கடையிலிருந்து போட்டுப் பார்ப்பதற்காக மூன்று பேண்ட்டுகள் வந்திருந்தன: கனத்த கறுப்பு ஒன்று, ஜீன்ஸ் மாதிரி ஒன்று, காற்றுப் புகும் சாம்பல் நிறத்தில் ஒன்று.

“எதைக்கா எடுக்கட்டும்?”

“நீ சொல்லு.”

“உனக்குப் பிடிச்சா எனக்குப் போதும்.”

“போடப்போறது நானா? நீதானே!”

சின்னவளுக்குப் பள்ளிக்கூடப் பையிலிருந்து ஜன்னல் திரை வரை எல்லாம் அக்கா கைகாட்டியதுதான். ஒருமுறை வந்த வரனைக்கூட அக்காவைக் கேட்டுவிட்டுத்தான் வேண்டாமென்றாள்.

மாமா தேநீரோடு உள்ளே வந்தார். “நான் சொல்லட்டுமா? அந்தக் கறுப்பு...”

“நீங்க வாயைத் திறக்கக் கூடாது,” என்றாள் அக்கா.

“கல்யாணத்தன்னிக்கு மூடினது. இன்னும் திறக்கலையே!” மாமா கோப்பையை வைத்துவிட்டு நல்ல பிள்ளையாக வெளியேறினார்.

சின்னவள் கறுப்பைப் போட்டுக் கண்ணாடி முன் நின்றாள். கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் குந்தி உட்கார்ந்தபோது பேட் நகர்ந்து முழங்காலின் பக்கவாட்டில் கடித்தது. ஜீன்ஸ் பாதி மடங்கியதும் ‘இதற்கு மேல் மாட்டேன்’ என்று நின்றுவிட்டது.

“எதுக்கு இப்பக் குந்துற? வண்டியில குந்தியா போவ?”

“உனக்கென்ன, நீ கீழ வண்டியோட நின்னுடுவ. மாடி ஏறுறது யாரு? அந்தக் கணக்கு வாத்தியார் மாத்திரையெல்லாம் அடி டிராயர்லதான் வைப்பார். குந்தித்தான் அடுக்கணும். அடுக்கினதும் வாய்விட்டு எண்ணிக் காட்டணும், இல்லேன்னா விடமாட்டார்.”

“இத்தனை வருஷம் எங்கிட்ட சொல்லவேயில்லையே!”

“நீ கேக்கவேயில்லையே!”

பேசிக்கொண்டே சாம்பல் நிறத்தைப் போட்டாள். குந்தினாள். எதையும் பிடிக்காமல் எழுந்தாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டு இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்தாள். பேட் இடம் மாறாமல் முழங்காலிலேயே இருந்தது.

“இதுதான்க்கா. இதையே எடுத்துக்கறேன்.”

சொன்ன பிறகுதான், அக்காவைக் கேட்கவில்லையே என்று அவளுக்கு உறைத்தது. அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லாயிருக்கா குட்டி?”

“நல்லாயிருக்கு.”

“அப்ப சரி.”

அக்கா கண்களை மூடிக்கொண்டாள். உதடுகள் லேசாக அசைந்தன. நல்லது எது நடந்தாலும் உடனே கடவுளுக்கு நன்றி சொல்வது அவள் வழக்கம். சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமா கோப்பையை எடுக்க வந்தபோது தேநீர் அப்படியே இருந்தது. அக்காவின் கை மட்டும் இன்னும் கொஞ்சம் கதகதப்பாக இருந்தது.

அக்காவின் அடக்கத்துக்கு முதியவர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். கணக்கு வாத்தியார் கைத்தடியை ஊன்றி நின்று கேட்டார்: “இனிமே எங்களுக்கு யாரும்மா?”

“நான்தான் சார். திங்கக்கிழமை வரேன்,” என்றாள் சின்னவள்.

திங்களன்று காலை சாம்பல் நிறப் பேண்ட்டில் வண்டியை ஓட்டிக்கொண்டு முதலில் அந்த உடுப்புக் கடைக்குப் போனாள். வேண்டாத இரண்டையும் மேசையில் வைத்தாள். கடைக்காரர் எழுந்து நின்றார்.

“சரியாத்தான் எடுத்திருக்கேனா?” என்று கேட்டாள்.

“நீங்க எதை எடுத்திருந்தாலும் சரிதாம்மா. விழுந்தா காப்பாத்தறதுல மூணும் ஒண்ணுதான். உங்க அக்கா போன்ல அப்படித்தான் அனுப்பச் சொன்னாங்க. ‘அவ எதைத் தொட்டாலும் தப்பாகக் கூடாது. மத்ததை அவளே பாத்துப்பா’ன்னாங்க.”

சின்னவள் கறுப்புப் பேண்ட்டின் மடிப்பை ஒருமுறை நீவிச் சரிசெய்தாள்.

கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “கையுறையும் போட்டுக்கிட்டா நல்லதும்மா. கறுப்பு இருக்கு, சிவப்பு இருக்கு. எது தரட்டும்?”

எப்போதும் அக்கா நிற்கும் இடப்பக்கம் அவள் திரும்பினாள். அங்கே தலைக்கவசங்கள் வரிசையாக உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

“சிவப்பு,” என்றாள்.