என் வகுப்பில் சேராதவள்

வேன் கதவு சாத்தப்படுகிறது, ஜன்னல் கம்பிகளுக்கு நடுவிலிருந்து மதுமிதா கையை நீட்டி என் முந்தானையைப் பிடித்திருக்கிறாள், விடும்மா, நேரமாச்சு என்று அடிக்குரலில் சொல்கிறேன், சொல்லிக்கொண்டே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன், யாரும் இருக்கக் கூடாது என்றுதான் பார்க்கிறேன், ஆனால் இருக்கிறார்கள், என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், குட் மார்னிங் டீச்சர் என்கிறார்கள், நானும் குட் மார்னிங் என்கிறேன், வேன் கிளம்புகிறது, முந்தானை அவள் விரல்களிலிருந்து நழுவுகிறது, பிறகு அந்தப் பிள்ளைகள் குடத்தோடு ஒரு பக்கமும் நான் பையோடு இன்னொரு பக்கமும் நடக்கிறோம், இன்னும் இரண்டு மணி நேரத்தில் அதே பிள்ளைகளை நான் வகுப்பில் பார்க்க வேண்டும். பள்ளி வாசலில் வேன் நிற்க வேண்டாம் என்று டிரைவரிடம் நான்தான் கேட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டிலிருந்து கீழக்கரிசல் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி இருநூறு அடி தூரம், அதில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிற பட்டதாரி ஆசிரியை நான், என் மகள் மட்டும் இருபத்திரண்டு கிலோமீட்டர் தாண்டி டவுனில் இருக்கிற மெட்ரிக் பள்ளிக்குப் போகிறாள், இதை யார் வந்து விளக்கச் சொன்னாலும் என்னால் விளக்க முடிந்தது, ஏழு வருடமாக விளக்கிக்கொண்டுதான் இருந்தேன்.

ஐந்தாம் வகுப்பு வரை அவளும் எங்கள் பள்ளிதான், சின்ன வகுப்புகளின் ஓட்டுக் கட்டடத்தில் காளீஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், இரண்டு பேருக்கும் ஒரே ரப்பர், பாதியாக வெட்டி வைத்திருப்பார்கள், மத்தியானம் முட்டை போடுகிற நாளில் மஞ்சள் கரு காளீஸ்வரிக்கு, வெள்ளை இவளுக்கு, ரெண்டு பேரும் டாக்டராகப் போறோம் என்று ஒரு நாள் சத்துணவுக் கூடத்து வாசலில் நின்று என்னிடம் சொன்னார்கள், நான் சிரித்தேன், எதற்கு அப்படிச் சிரித்தேன் என்று இன்றைக்கு யோசித்தால் எனக்கே பிடிக்கவில்லை. முழுப் பரீட்சை லீவில் மது நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள், அம்மா, இனிமே பெரிய பில்டிங்குக்கு வந்துருவேன், ஒன் க்ளாஸ்தானம்மா, ஒன்னய டீச்சர்னு கூப்பிடணுமா அம்மான்னு கூப்பிடணுமா என்று கேட்டாள், அப்போது நான் பூரிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன், பதில் சொல்லவில்லை, ஏனென்றால் முதல் நாளே டவுன் பள்ளிக்குப் போய் விண்ணப்பம் வாங்கி வந்து பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தோம். தெரிந்த அன்று அவள் அழவில்லை, காளீஸ்வரியும் வருவாளா என்றுதான் கேட்டாள், அவ வரமாட்டா என்றார் என் கணவர் சந்தானம், அவர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர், சுருக்கமாகப் பேசுகிறவர்.

இங்கிலீஷ் என்று எல்லோரிடமும் சொன்னோம், ஒழுக்கம் என்றும் சொன்னோம், விளையாட்டு மைதானம் என்றுகூடச் சொன்னோம், எங்கள் பள்ளி மைதானம் அதைவிட மூன்று மடங்கு பெரியது. உண்மை வேறு, உண்மை இரண்டு மூன்று இடங்களில் சிதறிக் கிடந்தது, ஒன்று வட்டார வள மையத்தில், பயிற்சி நாட்களில் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு டீச்சர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பிள்ளைகளின் பள்ளிப் பெயரைச் சொல்வோம், ஒன்றியப் பள்ளி என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை, சொன்னால் ஏன், வீட்ல ஏதும் கஷ்டமா என்று கேட்பார்கள், என் மகள் என் பள்ளியில்தான் படிக்கிறாள் என்று சொல்கிற டீச்சருக்குச் சட்டென்று ஒரு மௌனமும் கொஞ்சம் கூடுதல் ஊறுகாயும்தான் கிடைக்கும். இன்னொன்று எங்கள் வீட்டுக் கூடத்தில், காலனிப் பிள்ளைகளோட எம்புட்டு நாளைக்கு என்று ஆரம்பித்த சந்தானம் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை, நானும் முடிக்கச் சொல்லிக் கேட்கவில்லை, வகுப்பில் அனைவரும் சமம் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவள் நான், அவர் முடிக்காமல் விட்டதே வசதியாக இருந்தது.

அந்த மே மாதம்தான் வெயிலோடு தெருத்தெருவாகப் பிள்ளை பிடிக்கப் போனோம், பிள்ளை பிடிப்பது என்று நாங்களே கிண்டலாகச் சொல்லிக்கொள்வோம், நோட்டீஸ், மைக் கட்டிய ஆட்டோ, முன்னால் தலைமையாசிரியர் தங்கமாரி சார், பின்னால் நான், நம் பிள்ளைகளை நம் ஊர் அரசுப் பள்ளியில் சேர்ப்போம் என்று மைக்கில் என் குரல்தான் போகிறது, எண்ணிக்கை குறைந்தால் எங்களில் ஒருவர் உபரி, உபரி என்றால் எங்காவது தூக்கிப் போடுவார்கள், டீச்சர், ஆறாம் வகுப்புல இன்னும் நாலு பேர் கொறையுது, காலனில ரெண்டு பேரு வேன்காரன்கிட்டப் பேசிட்டாங்களாம், அதுல ஒண்ணு நம்ம இருளாயி மக காளீஸ்வரி, நீங்க போய்ப் பேசுங்க, பொம்பள பேசுனாத்தான் கேப்பாக என்றார் சார். போனேன். இருளாயி நூறு நாள் வேலை முடிந்து வந்து கையைக்கூடக் கழுவாமல் வாசலில் உட்கார்ந்திருந்தாள், மற்ற மாதங்களில் நான் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், மே மாதத்தில் மட்டும் அக்கா. அக்கா, காளீஸ்வரி நல்லாப் படிக்கிற பிள்ள, நம்ம பள்ளிக்கூடத்துல என்ன கொறச்சல், புத்தகம், சைக்கிள், எல்லாம் கெடைக்கும், நான் பாத்துக்கறேன். அவள் எல்லாவற்றையும் கேட்டாள், பிறகு கேட்டாள், ஒங்க மகள எங்க டீச்சர் சேத்திருக்கீக. ஊருக்கே தெரிந்த விஷயம், அவளுக்கும் தெரியும், என் வாயிலிருந்து வர வேண்டும் என்று கேட்டாள். டவுன்லக்கா, என் வகுப்புலயே என் மக இருந்தா பாரபட்சம்னு பேசுவாங்க, மத்த பிள்ளைகள ஒழுங்காக் கவனிக்க முடியாது, அதான். அந்த நிமிடத்தில் தோன்றிய பொய் அது, சொன்னபிறகு எனக்கே நன்றாக இருந்தது, பிறகு பல வாசல்களில் அதையே சொன்னேன். இருளாயி என் முகத்தைப் பார்த்தாள், அப்ப எம் மகளுக்காகத்தான் ஒங்க மகள வெளிய விட்டீகளா என்றாள், அதில் கேலி இருந்ததா நம்பிக்கை இருந்ததா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை, மறுநாள் காளீஸ்வரியைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்துவிட்டாள்.

பிறகு ஏழு வருடம், வேன், ஏழு வருடமும் காலை ஏழு பத்து, முதலில் ஜன்னல் வழியாகக் கை நீட்டியவள் பிறகு கை நீட்டவில்லை, பிறகு திரும்பிப் பார்க்கவும் இல்லை, காதில் எதையோ மாட்டிக்கொண்டு நேராக ஏறி உட்காருகிறாள், சாயங்காலம் ஆறே முக்காலுக்கு வந்து இறங்கி அப்படியே டியூஷனுக்குப் போகிறாள், அறிவியலுக்கும்தான் டியூஷன், இன்னொரு சாரிடம், நான் ஒன்றியப் பள்ளி டீச்சர், சமச்சீர்ப் புத்தகம்தான் எனக்கு வரும் என்று நானே முடிவு செய்துகொண்டேன், அவர்கள் பாடம் வேறு மாதிரி இருக்கும் என்று நினைத்தேன், ஒரு நாள் அவள் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன், அதே பாடம்தான், அட்டை மட்டும் கெட்டியாக இருந்தது, மூடி வைத்துவிட்டேன். எனக்கு அடிக்கடி ஒரு கனவு வரும், பயிற்சிக்குப் போகும்போது பஸ்ஸில் கண்ணயர்ந்தால்கூட வரும், நான் ஆறாம் வகுப்பு வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களைக் கூப்பிடுகிறேன், உள்ளேன் டீச்சர், உள்ளேன் டீச்சர் என்று வந்துகொண்டே இருக்கிறது, காளீஸ்வரி எழுந்து சொல்கிறாள், அடுத்து மதுமிதா என்று எழுதியிருக்கிறது, என் கையெழுத்துதான், கூப்பிடுகிறேன், பதில் இல்லை, இன்னொரு தரம் கூப்பிடுகிறேன், பெரிய பில்டிங்கே அமைதியாக இருக்கிறது, பிள்ளைகள் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள், அதற்குள் யாராவது டிக்கெட் என்று தோளைத் தட்டுகிறார்கள்.

மது ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது தொலைக்காட்சியில் அந்தச் செய்தி வந்தது, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் ஏழரை சதவீதம் தனி ஒதுக்கீடு, சந்தானம் தட்டில் கையை வைத்தபடியே விரல் விட்டு எண்ணினார், ஆறு, ஏழு, எட்டு, அதற்குமேல் எண்ணாமல் சேனலை மாற்றினார், மது தலையை நிமிர்த்தவில்லை, எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து என்ற சொல் மட்டும் மறுபடி மறுபடி கேட்டது, என் வகுப்பிலிருந்து என்று யாரோ சொல்வதுபோல இருந்தது. அடுத்த மே மாதத்திலிருந்து எங்கள் நோட்டீஸில் அந்த ஏழரைதான் பெரிய எழுத்தில், மைக்கிலும் நான்தான் படித்தேன், தண்ணீர்த் தொட்டி, கோயில் தெரு, காலனி, எங்கள் வீட்டு வாசல் வழியாகவும் ஆட்டோ போனது, ஜன்னலை மது உள்ளிருந்து சாத்தினாள்.

நீட் முடிவு வந்தது. மது காளீஸ்வரியைவிட நூற்று எட்டு மதிப்பெண் அதிகம். தரவரிசை வந்தது, கலந்தாய்வு வந்தது, ஒவ்வொரு சுற்றாகப் போனது, மதுவுக்குப் பத்துப் பன்னிரண்டு மதிப்பெண்ணில் இடம் தவறிப்போனது, எட்டு முடித்துப் பன்னிரண்டு வரை அரசு மேல்நிலைப்பள்ளியிலேயே படித்த காளீஸ்வரிக்கு அந்த ஏழரையில் முதல் சுற்றிலேயே அரசு மருத்துவக் கல்லூரியில் கிடைத்தது. எனக்கு அந்தப் பிள்ளைமேல் கோபம் வந்தது, வெட்கமில்லாமல் வந்தது, விறகு அடுப்புப் புகையில் உட்கார்ந்து படித்த பிள்ளை, டியூஷன் என்றால் என்னவென்று தெரியாத பிள்ளை, அதன்மேல் எனக்குக் கோபம், ஒதுக்கீடு ஏன் வேண்டும் என்று வகுப்பில் நான் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன், அன்றைக்கு மட்டும் அந்த நியாயம் எதுவும் என் வாய்க்கு வரவில்லை. இன்னொரு வருசம் எழுதிப் பாக்கட்டும் என்றார் சந்தானம், மது சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருளாயியும் காளீஸ்வரியும் வீட்டுக்கு வந்தார்கள், வருவதாக முன்பே தகவல் சொன்னார்கள், வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை, மதுவிடம் சொல்லவும் இல்லை. இருளாயி புதுச் சேலை கட்டியிருந்தாள், அத்தனை வருடத்தில் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்குள் வந்து நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தாள், சந்தானம் காப்பி வாங்கி வருகிறேன் என்று வெளியே போனவர் வரவே இல்லை, நீங்க அன்னைக்கி வாசலுக்கு வராட்டி நான் அந்த வேன்லதான் டீச்சர் இவள ஏத்தி விட்டுருப்பேன், நீங்க சொன்ன ஒரு சொல்லுதான் என்றாள் இருளாயி, அவள் குத்திக்காட்டவில்லை, மனதாரச் சொன்னாள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். காளீஸ்வரி என் காலைத் தொட்டாள், பிறகு, மது இருக்காளா டீச்சர் என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் அறைக் கதவைத் தட்டி உள்ளே போய்விட்டாள், ஐந்தாம் வகுப்பில் போனதுபோலப் போனாள், கதவு பாதி திறந்தே இருந்தது.

காளீஸ்வரி பேசுவது கேட்டது, ஏ மது, ஒனக்கு எதுடி பிடிக்கும், பயாலஜியா, எனக்கு இதயம்னா ஒரு கேள்வி விடமாட்டேன், ஆறாம் வகுப்புல டீச்சர் கிரவுண்டுல சுண்ணாம்புத்தூள வச்சு எம்புட்டுப் பெருசா இதயம் வரைஞ்சாங்க தெரியுமா, நாலு ரூம்பு, எங்களத்தான் ரத்தமா நடக்க வச்சாங்க, போகும்போது நீல ரிப்பன், நுரையீரலுக்குப் போயிட்டு வந்தா சேப்பு ரிப்பன், வால்வுக்கு ரெண்டு ரெண்டு பேரு கை கோத்து நிப்போம், திரும்பி வந்தா விடமாட்டோம், டீச்சரும் செருப்பக் கழட்டிப் போட்டுட்டு எங்களோட வெயில்ல ஓடுவாங்க, இன்னைக்கும் அந்தக் கேள்வி வந்தா எங் காலுதாண்டி பதில் சொல்லும். மது சிரித்தாள், எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் சிரித்துக் கேட்டேன், எங்கம்மாவா என்றாள், ஒங்கம்மாதான் என்றாள் அவள், பிறகு இரண்டு பேரும் வேறு என்னவோ பேசினார்கள், இருளாயி என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன்.

அவர்கள் போனபிறகு மது வெளியே வந்தாள், மேசைமேல் அவர்கள் வைத்துவிட்டுப் போன லட்டு டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்துப் பாதியாகப் பிட்டு எனக்கு நீட்டினாள், நான் வாங்கிக்கொண்டேன், அவள் என் எதிரில், இருளாயி உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள், சண்டைக்கு வரப்போகிறாள் என்று நினைத்தேன், வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், நான் ஏழு வருடமாகச் சேர்த்துவைத்த பதில்களில் ஒன்றைச் சொல்லியிருப்பேன். ஆனால் அவள் கோபமாகவே இல்லை, தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டவள் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசினாள். நீ இவ்வளவு நல்லா நடத்துவன்னு எனக்குத் தெரியாதும்மா, சீட்டு கூடப் போகட்டும், அது எனக்கு இப்பப் பெருசாத் தெரியல, நீ சுமாரான டீச்சர்னுதான் நான் நெனச்சுட்டு இருந்தேன், அதான் ஒங்கிட்ட என்னைய விடலன்னு. சொல்லிவிட்டு லட்டைத் தின்றாள். என் கையில் இருந்த பாதி லட்டு நெய்யாக விரல்களில் ஒட்டிக்கொண்டிருந்தது, அவள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.