மெயின் வால்வு

குத்தாலிங்கத்தின் காக்கிச் சட்டையைக் கண்டால் குற்றாலத்தில் யாருக்கும் வணக்கம் சொல்லத் தோன்றாது. "வால்வுல என்ன பிரச்சினை?" என்றுதான் கேட்பார்கள். கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறார்கள். ஒரு துக்க வீட்டில், பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தவர் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டார். இருபத்தாறு வருடமாகத் தெருத்தெருவாகத் தண்ணீர் திறந்துவிடுகிற ஆள். மலையில் அருவி கொட்டோ கொட்டென்று கொட்டும், கீழே குழாயில் காற்று வரும். இரண்டுக்கும் நடுவே நிற்கிற ஒரே மனிதர் என்பதால் பதிலைத் தயாராகவே வைத்திருந்தார்.

ஆகவே தென்காசியில் டாக்டர் உமா மகேஸ்வரி அதையே கேட்டபோது அவர் திகைக்கவில்லை. டாக்டரின் வீடு குற்றாலத்தில், ஐந்தருவி ரோட்டில். தண்ணீர் வந்திருக்காது என்று எடுத்துக்கொண்டார்.

அவர் வந்தது நீர்க்கடுப்புக்காக. "ஊருக்கே தண்ணி விடுதாரு, ஒரு செம்பு தண்ணி குடிக்க மாட்டேங்காரு" என்று மனைவி உலகம்மாள் நோயையும் காரணத்தையும் சேர்த்தே சொல்லிவிட்டாள். போன வருடம் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை அட்டையை, மிச்சம் நாலோடு, அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தார். அதையே எழுதிக் கொடுத்தால் போதும். டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது சாப்பிட்டப்ப குதிகால் நரம்பு வலிச்சுதா?"

"வலிச்சுது. நின்னே வேல பாக்கதுலன்னு நெனச்சேன்."

"வால்வுல ஏதும் பிரச்சினை உண்டா?"

"உண்டு டாக்டரம்மா. ரெண்டு வருஷமா கசிவு."

பேனா நின்றது. "எந்த வால்வு?"

"மெயின் வால்வுதான்."

"யாரும் பாத்தாங்களா?"

"பெரியவங்க வந்து பாத்து மாத்தணும்னுட்டாங்க. நாந்தான் அப்படியே ஓட்டிக்கிட்டிருக்கேன்."

"மூச்சு வாங்குமா?"

"தொறக்கையில வாங்கும். அடைக்கையில கூடுதலா வாங்கும். கசியுதுன்னு சாக்கு வேற சுத்தியிருக்கா, திருகுத சாவி பிடிபடாது."

உலகம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "அவங்க ஒங்க நெஞ்சுக்குள்ள இருக்கதக் கேக்காங்க. நீங்க தெருவுல கெடக்கதச் சொல்லுதிய."

டாக்டருக்குச் சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. அடங்கியதும் கேட்டார்: "அப்ப மூச்சு வாங்குதுன்னீங்களே, அது யாருக்கு?"

குத்தாலிங்கம் யோசித்தார். "அது எனக்குத்தான்."

ஸ்டெதஸ்கோப் நெஞ்சில் பட்டது. நகர்ந்தது, திரும்பி வந்தது, ஓரிடத்தில் நின்றுவிட்டது. டாக்டரின் அந்த முகபாவம் அவருக்குத் தெரியும். ரோட்டுக்கு அடியில் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க இரும்புக் கம்பியை ஊன்றி, மறுமுனையில் காதை வைக்கும்போது அவர் முகமும் அப்படித்தான் இருக்கும். சரியான இடம் கிடைத்தால்தான் கம்பி நிற்கும்.

எக்கோ அறை மாடியில் இருந்தது. பரமேஸ்வரன் என்ற டெக்னீஷியன் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, குளிர்ந்த பசையைத் தடவி ஒரு பொத்தானை அழுத்தினார். சளப், சளப் என்று அறை முழுக்க ரத்தம் ஓடும் சத்தம். உலகம்மாள் சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். குத்தாலிங்கம் கண்ணை மூடிக் கேட்டார்.

"அடைச்ச பெறவும் கொஞ்சம் திரும்பிப் போகுதே தம்பி."

பரமேஸ்வரன் அவரைத் திரும்பிப் பார்த்தார். "டாக்டர் சொல்லுவாங்க அண்ணாச்சி. மூச்சப் பிடிங்க."

டாக்டரும் அதையேதான் சொன்னார். லேசான கசிவு. இப்போதைக்குப் பயமில்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். இந்த வகை மாத்திரை அபூர்வமாகச் சிலருக்கு வால்வைக் கெடுக்கும், ஏற்கெனவே கசிகிறவர்களுக்குக் கொடுப்பதற்கில்லை. வேறு எழுதினார். பழைய அட்டை மேசை டிராயருக்குள் போயிற்று.

"அப்ப இதச் சாப்பிட்டதுலதான் வந்துதா?"

"சொல்ல முடியாது. அதுக்கு முன்னாலயே இருந்திருக்கலாம்."

பஸ்ஸில் உலகம்மாள் தண்ணீர் பாட்டிலை அவர் மடியில் வைத்தாள். மேலகரம் வருவதற்குள் காலி செய்தார்.

மறுநாள் காலை சாரல் விழுந்துகொண்டிருந்தது. மெயின் வால்வுத் தொட்டியின் மூடியைத் தூக்கிச் சாவியைப் பொருத்தினார். மூன்று சுற்றுக்கு ஒருமுறை நின்று மூச்சு விட்டார். இதற்கு முன்பும் இப்படி நின்றோமா என்று நினைவில்லை. குடத்தோடு நின்ற முப்பிடாதியம்மாள் கேட்டாள்.

"என்ன அண்ணாச்சி, வால்வுல பிரச்சினையா?"

அவர் கை சட்டைப் பைக்குப் போயிற்று. பை காலியாக இருந்தது. கை அங்கேயே, நெஞ்சின் மேல் இருந்தது. தொட்டிக்குள் ஈரச் சாக்கிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது விழுகிறதா என்று அவர் காத்துக்கொண்டிருந்தார்.