வியாழனைத் தேய்த்தவர்

ஆர்டிஸ் வீட்டு இரும்பு வாணலியின் அடியில் முப்பது வருடக் கரி. இருட்டில் டார்ச் அடித்துப் படம் எடுத்தால் அசல் வியாழன் கிரகம்தான். பட்டை, சுழல், சிவப்புப் புள்ளி எதற்கும் குறைவில்லை. இந்த வருட மாவட்டக் கண்காட்சியில் 'வீட்டுப் பொருளில் விண்வெளி' என்று ஒரு போட்டி. படத்தையும் பொருளையும் சேர்த்தே வைக்க வேண்டும். ஊறுகாய், கேக், தையல் என்று ஆறு வருடமாக எதில் சேர்ந்தும் ஆர்டிஸுக்கு ஒரு ரிப்பன் கிடைத்ததில்லை. இந்த முறை முதல் பரிசான நீல ரிப்பன் தனக்குத்தான் என்றிருந்தாள்.

கண்காட்சியன்று காலையில் பார்த்தால், வாணலியின் அடியில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

"யாரு தேய்ச்சது?"

"நான்தான்," என்றார் கணவர் வெண்டல், பெருமையாக. "கண்காட்சிக்குப் போகுதுன்னு சொன்னியே."

காலமெல்லாம் மாடு வளர்த்தவர். கண்காட்சிக்குப் போகிற கிடேரியை வாலிலிருந்து குளம்புவரை சோப்புப் போட்டுக் கழுவித்தான் வண்டியில் ஏற்றுவார். வாணலிக்கு மட்டும் என்ன சலுகை?

"வித்தியாசமா இருக்கு," என்றாள் ஆர்டிஸ். அவர்கள் ஊரான அமெரிக்க விஸ்கான்சினில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. வெண்டலின் முகம் செத்துவிட்டது. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

புருவம்வரை செங்கல் சிவப்பு. அதற்கு மேல், வெயிலே படாத பால் வெள்ளை வழுக்கை. உச்சியில் இரண்டு மச்சம்.

"நாற்காலியில உட்காரு," என்றாள் ஆர்டிஸ், ஜன்னல் திரையை இழுத்து டார்ச்சையும் கேமராவையும் எடுத்தபடி. "மூச்சு விடாதே."

கண்காட்சியில் பதிவு செய்யும் நடீன், படத்திலிருந்த முழு நிலாவைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"பொருள் எங்க ஆர்டிஸ்?"

வெண்டல் தொப்பியைக் கழற்றினார். சர்ச்சுக்குள் தவிர வேறெங்கும் அவர் அதைக் கழற்றி ஊரார் பார்த்ததில்லை.

நடீன் விதிமுறைத் தாளை இரண்டு முறை படித்தாள். "உயிர் இருக்கக்கூடாதுன்னு எங்கயும் போடலை. வீட்டுலயே இருக்கறதுதானே?"

"நாற்பது வருஷமா."

"அஞ்சு மணி வரைக்கும் இங்கேதான் இருக்கணும். முன்னாடியே எடுத்துட்டுப் போனா போட்டியில கிடையாது." வெண்டலின் சட்டைப் பொத்தானில் பதினேழாம் எண் அட்டையைக் கட்டினாள்.

படத்துக்கு அடியில் வெண்டல் உட்கார்ந்தார். ஊரே வந்து பார்த்தது. "என்ன வெண்டல், அங்க தண்ணி கிடைக்குதா?" என்று பால் சங்கத்து ஆட்கள் சிரித்தார்கள். வெண்டல் காது நுனிவரை சிவந்து, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே எலுமிச்சை ஜூஸ் வரிசையில் நின்ற ஆர்டிஸ், தன் முறை வந்தும் அவர் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நாலே முக்காலுக்கு நடுவர்கள் பதினைந்தாம் எண் வரை வந்துவிட்டார்கள். ஆர்டிஸ் குறுக்கே நடந்து போய் அட்டையை அவிழ்த்தாள்.

"எழுந்திரு, போலாம்."

"ரிப்பன்?"

"தொப்பியைப் போடு, வெண்டல்."