ஊறப்போட்ட தேற்றம்

எழுதிய கடிதத்தை அன்றே தபாலில் சேர்ப்பது சிக்கந்தருக்கு வழக்கமில்லை. மாங்காயை உப்பில் போட்டுவைப்பதுபோல அதைத் தம் கறுப்புக் கோட்டின் உள்பையில் போட்டுவைப்பார். சில நாள் கழித்து எடுத்துப் படிப்பார். ஒரு சொல்லை அடிப்பார், இன்னொன்றைச் சேர்ப்பார், மறுபடியும் பையிலேயே இடுவார். இனித் திருத்த ஒன்றுமில்லை என்று மனம் ஒப்பிய பிறகுதான் அது சிவப்புப் பெட்டியின் வாயைக் காணும். அவர் அனுப்பிய நோன்புப் பெருநாள் வாழ்த்து ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்து சேர்ந்ததாகச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், வில்லாபுரத்து மைத்துனர் முகம்மது கனி.

சிக்கந்தரின் அத்தா காஜிமார் தெருவில் அத்தர் விற்றவர். மகன் மதுரைக் கல்லூரி ஒன்றில் கணித விரிவுரையாளர். "சீசாவ மூடியே வச்சிருந்தா மணம் போகாதுதான், ஆனா வாங்குறவனும் வரமாட்டான்" என்பது அத்தாவின் பேச்சு. மகன் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் ஆண்டு ஆனி மாதத்தில் அந்தப் பையில் போய் அமர்ந்தது கடிதமன்று. ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை. எண்களைப் பற்றிய ஒரு தேற்றத்தைப் பல்லாண்டு உழைத்து நிறுவியிருந்தார். கட்டுரையைத் தட்டச்சு செய்வித்து, தட்டச்சுப் பொறியில் இல்லாத குறியீடுகளுக்காக விட்டிருந்த இடைவெளிகளைத் தம் கையாலேயே மையிட்டு நிரப்பினார். கல்கத்தாவிலிருந்து வெளிவரும் கணித இதழுக்கு முகவரி எழுதித் தபால் தலையும் ஒட்டியாயிற்று. பெட்டியில் போடுவது ஒன்றே பாக்கி. ஆனி போயிற்று, ஆடியும் போயிற்று.

அச்சம் அவருக்கு. கணிதம் அறிந்தவர்கள் எல்லாம் படிக்கும் இதழ் அது. பிழையான கட்டுரையை அனுப்பியவர் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால், அடுத்த கட்டுரையை யார் பிரித்துப் பார்ப்பார்கள்?

அதே துறையில் பணி செய்த பேச்சிமுத்துவுக்கு அந்தக் கோட்டைக் கண்டாலே பொறுக்காது. அவர் விளாங்குடிக்காரர், பிறர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்களின் பிள்ளை. இருவரும் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருவரையொருவர் மாப்பிள்ளை முறை வைத்துத்தான் அழைத்துக்கொள்வார்கள்.

"என்ன மாப்ள, இன்னும் ஊறுதா?"

"எங்கேயோ ஒரு வரி உறுத்துது மாப்ள. எந்த வரின்னுதான் பிடிபடல."

"ஊறுகாயா இருந்தா இந்நேரம் பூஞ்சை பூத்திருக்கும். இதே தேற்றத்த வேற எவனாச்சும் போட்டுட்டான்னு வையி, நீ அந்தக் கவர வச்சு விசிறிக்க வேண்டியதுதான்."

அதோடு விடாமல் ஒரு கதையும் சொன்னார். விளாங்குடிக் கண்மாய்க் கரையில் ஒரு தூக்கணாங்குருவி கூடு கட்டியதாம். ஒரு நார் கோணலாக இருக்கிறதே என்று பிரித்துப் பின்னியதாம். பின்னியதும் இன்னொரு நார் கோணலாகத் தெரிந்ததாம். மழை வந்தபோது மற்றக் குருவிகள் கூட்டுக்குள் இருந்தன. இது மட்டும் நார்க் குவியலின்மேல் நனைந்துகொண்டு, நல்லவேளை, கோணல் கூட்டுக்குள் போய்விடவில்லை என்று தன்னையே தேற்றிக்கொண்டதாம்.

"குருவிக்குக் கணக்குத் தெரியாது" என்றார் சிக்கந்தர்.

"ஆனா மழை வரும்னு தெரியும்" என்றார் பேச்சிமுத்து.

ஆவணியில் ஒரு நாள், நண்பகல் கழிந்த வேளை. கோட்டை ஆசிரியர் அறையின் ஆணியில் மாட்டிவிட்டு லுஹர் தொழுகைக்குப் போனார் சிக்கந்தர். தொழுது முடித்தவர் நேரே இண்டர்மீடியட் வகுப்புக்குச் சென்றுவிட்டார். அங்கே கரும்பலகையில் ஒரு மாணவன், சமன்பாட்டின் இருபுறமும் இருந்த ஒரே கோவையை அடித்துவிட்டுப் பெருமையோடு திரும்பினான்.

"அடிச்சுட்டியே, அதால ரெண்டு பக்கமும் வகுக்கலாமான்னு பாத்தியா? அது பூஜ்யமா இருந்தா என்ன செய்வ?"

கேட்டு முடிக்கவில்லை, கையிலிருந்த சாக்குக்கட்டி அப்படியே நின்றுவிட்டது. உறுத்திய வரி எது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. கட்டுரையின் ஏழாம் பக்கத்தில், பூஜ்யமாகக்கூடிய ஒரு கோவையால், அது பூஜ்யமா என்று பாராமல், அவரும் வகுத்திருந்தார். பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்பது பள்ளிப் பிள்ளையும் அறிந்த விதி.

'நல்லவேளை, கட்டுரை பையிலேயே இருக்கிறது' என்று எண்ணியபடி, மணி அடித்ததும் ஆசிரியர் அறைக்கு விரைந்தார்.

பை காலியாக இருந்தது.

"தேடாத மாப்ள. நான்தான் எடுத்துத் தபால் பெட்டியில போட்டேன்" என்றார் பேச்சிமுத்து, நல்ல காரியம் செய்தவரின் முகத்தோடு. "உன் பிரசவத்துக்கு இனியும் நாள் எண்ணிக்கிட்டு இருக்க என்னால முடியாது."

சிக்கந்தர் வாயிற்புறம் ஓடினார். பெட்டியைத் திறந்து தபால்களை அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது. அறையில் சரித்திர ஆசிரியர் உக்கிரபாண்டி உட்பட நாலைந்து பேர் அமர்ந்திருந்தார்கள்.

"அடுத்தவன் பையில கைய விடுறது உங்க குடும்பப் பழக்கமா? களத்துல நெல்லுன்னா உங்கப்பா, கோட்டுல கவருன்னா நீயா?" என்றார் சிக்கந்தர், பேச்சிமுத்துவைப் பார்த்து.

பேச்சிமுத்துவின் தகப்பனார் மேல் ஒருமுறை களத்துமேட்டில் நெல் திருடியதாகப் பொய்ப்பழி விழுந்து, ஊர் நடுவே அவரை நிறுத்திவைத்திருந்தார்கள். அந்த வேதனையைச் சிக்கந்தர் ஒருவரிடம் மட்டுமே பேச்சிமுத்து சொல்லியிருந்தார். இப்போது அது எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. பேச்சிமுத்து மேசைமேல் கிடந்த புத்தகங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு வெளியேறினார். அன்று முதல் இருவருக்கும் பேச்சில்லை.

ஏழாம் பக்கத்துப் பள்ளத்தை அடைப்பது, உட்கார்ந்து பார்த்தபோது, பெரிய வேலையாக இல்லை. கோவை பூஜ்யமாகும் நிலையைத் தனியே எடுத்துக்கொண்டால் தேற்றம் அங்கே இன்னும் எளிதாக நின்றது. அரைப் பக்கம் போதுமானதாயிற்று. அதைப் படியெழுதிக் கவரில் இட்டு முகவரியும் எழுதினார். பிறகு என்ன செய்தார்? கோட்டுப் பையில் போட்டுவைத்தார். இத்தனை சிறிய பிழையைத் தாமே ஒப்புக்கொண்டு எழுதுவதா, அவர்கள் கண்டுபிடித்துச் சிரிக்கும்வரை காத்திருப்பதா என்று முடிவு செய்ய அவரால் இயலவில்லை. தபால்காரர் தெருவில் நுழைந்தாலே உள்ளறைக்குப் போய்விடுவார்.

ஐப்பசி மழையில் வைகை இரு கரையும் தொட்டு ஓடிய வாரத்தில் கல்கத்தாவிலிருந்து கடிதம் வந்தது. நின்றபடியே பிரித்தார், இரண்டாம் வரியில் உட்கார்ந்தார்.

"என்ன எழுதியிருக்கு?" என்றார் மனைவி ஷரீபா, அரைத்த கையைத் துடைத்தபடி. "மூஞ்சிய வச்சு ஒண்ணும் சொல்ல முடியலயே."

கடிதத்தில் இருந்தது இதுதான். தேற்றம் சரி, இதழில் வெளியிட விரும்புகிறோம். ஏழாம் பக்கத்தில் வகுக்கும் கோவை பூஜ்யமானால் என்னாகும் என்று, கட்டுரையைப் படித்துப் பார்த்த அறிஞர் கேட்கிறார்; எளிதாகவே தீரும் என்றும் கருதுகிறார். அதை எழுதி அனுப்பவும். நிற்க, தங்கள் கட்டுரை வந்த இரண்டு வாரத்தில் இதே தேற்றத்தை நிறுவிய இன்னொரு கட்டுரை லாகூரிலிருந்து வந்தது. முந்தி வந்தது தங்களுடையது. ஆகவே அதையே ஏற்கிறோம். வந்து சேர்ந்த தேதியைக் கட்டுரையின் அடியில் அச்சிடுவது எங்கள் வழக்கம்.

நெஞ்சில் ஏற்றிவைத்திருந்த அம்மிக்கல்லை யாரோ இறக்கிவைத்தது போலிருந்தது சிக்கந்தருக்கு. சிரிக்கத் தொடங்கினார், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிழையைக் கண்டவர்கள் பரிகசிக்கவில்லை. அருகில் உட்கார்ந்து கேட்பதுபோல ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

செய்தியைக் கேட்ட ஷரீபா, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு, "அப்ப அந்தக் கவரு உங்க பையிலயே இருந்திருந்தா?" என்று கேட்டார்.

"லாகூர்க்காரர் பேருல போயிருக்கும்."

"பேச்சிமுத்து அண்ணே நம்ம வாசப்படி மிதிச்சு எம்புட்டு நாளாச்சு?"

சிக்கந்தர் கடிதத்தை மடிக்கத் தொடங்கினார்.

"அவரு கேக்காம உங்க கோட்டுல கைய விட்டது தப்புதான், இல்லைங்கல. நீங்க அவரு நெஞ்சுக்குள்ள கைய விட்டு, உங்கள நம்பி வச்சிருந்தத எடுத்து நடுவீதியில போட்டீங்க. ரெண்டுல எது களவுன்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க."

மன்னிப்பைக் கடிதமாக எழுதலாம் என்றே அவருக்கு முதலில் தோன்றிற்று. எழுதினால் அது எங்கே போய் ஊறும் என்பதும் உடனே தெரிந்தது. குடையை எடுத்துக்கொண்டு மழையிலேயே கல்லூரிக்குப் புறப்பட்டார்.

ஆசிரியர் அறையில் அன்று இருந்தவர்களே இன்றும் இருந்தார்கள். பேச்சிமுத்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். சிக்கந்தர் ஈரக் குடையை மூலையில் சாய்த்துவிட்டு அறை நடுவில் நின்றார்.

"எல்லாரும் கேளுங்க. அன்னைக்கு நான் பேச்சிமுத்துவையும் அவங்க அப்பாவையும் சொன்னது பொய். அவங்க அப்பா மேல விழுந்தது வீண்பழின்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வலிக்கணும்னே சொன்னேன். உங்க முன்னாடிதான் சொன்னேன். உங்க முன்னாடியே அத வாபஸ் வாங்குறேன்."

உக்கிரபாண்டி செய்தித்தாளைத் தாழ்த்தினார். பேச்சிமுத்துவின் பேனா ஒரு மதிப்பெண்ணின் நடுவில் நின்றது, தலை நிமிரவில்லை.

சிக்கந்தர் கல்கத்தாக் கடிதத்தை அவர் முன்னால் வைத்தார். பேச்சிமுத்து படித்தார்; மடித்தார்.

"எங்கப்பா காதுக்கு இது போகணும்" என்றார் மெதுவாக.

"ஞாயித்துக்கிழமை விளாங்குடிக்கு வாரேன் மாப்ள. அவருகிட்ட நானே சொல்றேன்."

பேச்சிமுத்து கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "கேட்டிருக்கற திருத்தம் எழுதியாச்சா?"

"ஆவணியிலயே."

"எங்க இருக்கு?"

சிக்கந்தர் கோட்டைத் தொட்டுக் காட்டினார். உக்கிரபாண்டிக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறிற்று. சிக்கந்தர் கோட்டைக் கழற்றி, பழைய ஆணியில் மாட்டாமல், பேச்சிமுத்துவின் நாற்காலி முதுகில் போட்டார்.

"நான் தொழுதுட்டு வாரேன். அதுக்குள்ள நீ எடுத்துப் போட்டிரு."

"முதல்ல வாசிச்சுப் பாக்குறேன்" என்றார் பேச்சிமுத்து, பைக்குள் கையை விட்டபடி. "இதுலயும் எதையாச்சும் பூஜ்யத்தால வகுத்து வச்சிருப்ப."